வெளுத்த தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?
(மரத்தூளில் இருந்து கிளர்வூட்டிய கரி – அறிவியல் கட்டுரை)

எழுதியது: 9ஆம் வகுப்பு மாணவி



கரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, கையெல்லாம் கறுப்பு. ஆனால் அதே கரி சர்க்கரை ஆலையில் பழுப்பு நிறப் பாகை வெள்ளையாக்குகிறது. வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கிறது. விஷவாயு முகமூடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்தாகவும் இருக்கிறது. இந்தக் கரிக்கு "கிளர்வூட்டிய கரி" என்று பெயர். கடையில் கேட்டால் "ஆக்டிவேட்டட் கார்பன்" என்றுதான் சொல்வார்கள்.

எங்க அம்மிச்சி, "பானைத் தண்ணியில ரெண்டு கரித்துண்டு போட்டா தண்ணி சுத்தமாயிரும் கண்ணு" என்று சொல்வார்கள். இது பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி உண்மை இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

1. சாதாரணக் கரி எப்படி உண்டாகிறது?

விறகை நல்ல காற்றில் எரித்தால் கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். காற்று போகாமல் மூடிச் சூடாக்கினால் கரி கிடைக்கும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி மூட்டம் போடுவார்கள். உள்ளே இருக்கும் மரம் எரியாது, வேகும். மரத்தில் இருக்கும் நீரும் வாயுக்களும் புகையாக வெளியே போய்விடும். கார்பன் மட்டும் பெரும்பாலும் தங்கிவிடும்.

மரம் என்பது முக்கியமாக மூன்று பொருட்களால் ஆனது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். மூன்றிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் இருக்கின்றன. சூடு ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன. அப்போது தார் போன்ற ஒரு பிசுபிசுப்பும் உண்டாகும். அந்தத் தார் கரியில் இருக்கும் நுண்ணிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் சாதாரண அடுப்புக்கரியில் துளை இருந்தாலும் வாசல் அடைத்த வீடு மாதிரிதான்.

2. துளைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். கரி செய்வது அது இல்லை. கரியின் பரப்பின் மேல் மற்றப் பொருளின் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். சாணி மெழுகிய வாசலில் மாவுத்தூள் ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் பெரிதாக இருந்தால் நிறைய ஒட்டும். ஆக, பரப்புதான் முக்கியம்.

பரப்பை எப்படி அதிகமாக்குவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 6 சதுர மி.மீ. மொத்தம் 6000 சதுர மி.மீ., அதாவது 60 சதுர செ.மீ. பொருள் அதேதான், பரப்பு மட்டும் 10 மடங்கு!

கிளர்வூட்டிய கரியில் இதைவிடப் பெரிய வேலை நடக்கிறது. துண்டு போடுவதற்குப் பதில் கரிக்கு உள்ளேயே கோடிக்கணக்கான துளைகள். ஒரு மி.மீட்டரை 10 லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 2 நானோமீட்டருக்குக் குறைவான துளை நுண்துளை. 2 முதல் 50 நானோமீட்டர் வரை இடைத்துளை. அதற்கு மேல் பெருந்துளை.

இந்தத் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கிராம் கரியில் சுமார் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை பரப்பு வரும். 1000 சதுர மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள கபடி மைதானம் 130 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 8 கபடி மைதானம்! நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் 25 சென்ட் நிலம். அரை டீஸ்பூன் கரிக்குள் 25 சென்ட் நிலம் இருக்கிறது என்று டீச்சர் சொன்னபோது வகுப்பே "ஆ"வென்று வாயைப் பிளந்தது.

3. கொஞ்சம் வரலாறு

* 1773 – ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே, கரி வாயுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார்.
* 1785 – ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்பவர், கரைசலின் நிறத்தைக் கரி நீக்குவதைக் கண்டுபிடித்தார். பிறகு ஐரோப்பாவின் சர்க்கரை ஆலைகளில் கரி நுழைந்தது.
* 1900–1901 – ஆஸ்ட்ரெய்கோ என்பவர் இரண்டு வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்று, உலோகக் குளோரைடு உப்புகளைக் கலந்து சூடாக்கும் வேதிமுறை. மற்றொன்று, நீராவி அல்லது கார்பன் டைஆக்சைடு செலுத்தும் முறை. இன்றைய தொழிற்சாலைகளுக்கு இந்த இரண்டும்தான் தாய்.
* 1915 – முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் என்னும் இடத்தில் ஏப்ரல் 22 அன்று குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி ஜெலின்ஸ்கி கிளர்வூட்டிய கரி வைத்த முகமூடியை உருவாக்கினார். கரி உயிர் காக்கும் பொருளானது.

4. வேதிமுறையில் கரி செய்வது எப்படி?

நீராவி முறையில் முதலில் கரி செய்து, பிறகு அந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியோடு வைப்பார்கள். நீராவி கரியை அரித்து அரித்துத் துளை போடும். தேங்காய்த் தொட்டியில் செய்யும் கரிக்குப் பெரும்பாலும் இந்த வழிதான்.

மரத்தூளுக்கு ஏற்றது வேதிமுறை. இதில் இப்போது அதிகம் பயன்படுவது பாஸ்பாரிக் அமிலம். முன்பு துத்தநாகக் குளோரைடு அதிகம் பயன்பட்டது. துத்தநாகம் கரியில் தங்கிவிடும், கழிவிலும் போகும் என்பதால் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

தொழிற்சாலையில் நடக்கும் படிகள்:

(அ) உலர்த்துதல்: மரத்தூளைச் சலித்துக் காய வைப்பார்கள்.

(ஆ) ஊறவைத்தல்: மரத்தூளோடு அமிலத்தைக் கலந்து ஊறவைப்பார்கள். மரத்தூளின் எடை ஒரு பங்கு என்றால் அமிலம் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. அமிலம் மர நாருக்குள் நன்றாக இறங்க வேண்டும். தோசைக்கு அரிசி ஊறுவது போல, இதில் அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும்.

(இ) சூடாக்குதல்: காற்றுப் போகாத உலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றுவார்கள். நீராவி முறையில் பாதிச் சூடுதான் இது.

(ஈ) கழுவுதல்: வந்த கரியைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். வெளியே வரும் அமிலத்தைச் சேகரித்து மீண்டும் பயன்படுத்துவார்கள்.

(உ) உலர்த்திப் பொடியாக்கிச் சோதித்தல்: ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு அயோடின் எண் என்று பெயர். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்தும் சோதிப்பார்கள்.

அமிலம் உள்ளே என்னதான் செய்கிறது?

சர்க்கரை மேல் அடர் கந்தக அமிலம் ஊற்றினால் கறுப்பாகப் பொங்கி வருமே, அறிவியல் கண்காட்சியில் சார் செய்து காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அமிலம் சர்க்கரையில் இருந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீராக வெளியே இழுத்துவிட்டது. மிஞ்சியது கார்பன். பாஸ்பாரிக் அமிலமும் மரத்தில் இதே மாதிரி வேலையை நிதானமாகச் செய்கிறது.

அதோடு இன்னும் இரண்டு வேலை. ஒன்று, தார் அதிகம் உண்டாகாமல் தடுக்கிறது. அதனால் துளை அடைபடுவதில்லை. கார்பனும் வீணாகப் புகையில் போகாது. இரண்டு, மர நாரின் இடையிடையே புகுந்து இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. சூட்டில் நார் சுருங்கப் பார்க்கும், அமிலம் விடாது. கடைசியில் கழுவும்போது அமிலம் எழுந்து போகும். அது உட்கார்ந்திருந்த இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடம்தான் துளை! கான்கிரீட் போடும்போது பலகை அடித்து, காய்ந்ததும் பலகையைக் கழற்றுகிறோம் அல்லவா, அது மாதிரி.

சூடு 500 டிகிரியைத் தாண்டி அதிகமானால் இந்தக் கட்டுமானம் சுருங்கத் தொடங்கும், பரப்பு குறையும். ஆகவே "நல்லா எரிச்சா நல்ல கரி" என்பது இங்கே சரிப்படாது.

கழுவுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் கழுவினால்தான் துளை திறக்கும். கழுவாவிட்டால் அமிலம் கரியிலேயே இருக்கும். அந்தக் கரியைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரே அமிலமாகிவிடும்.

மரக்கரியா? தொட்டிக்கரியா?

தேங்காய்த் தொட்டிக் கரியில் நுண்துளைகள் அதிகம். கரி கெட்டியாக இருக்கும். சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்க நல்லது. அதனால் வீட்டு வடிகட்டியிலும் முகமூடியிலும் வைக்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலம் போட்ட மரக்கரியில் இடைத்துளைகள் அதிகம், வாசல் அகலம். சாயம், சர்க்கரைப் பாகின் நிறம் போன்ற பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழையலாம். ஆகவே நிறம் நீக்க மரக்கரி கெட்டிக்காரி.

5. நாங்கள் செய்த சோதனை

எங்கள் குழுவில் 5 பேர். டீச்சர் கெமிக்கல் கடையில் இருந்து மரத்தில் செய்த கிளர்வூட்டிய கரிப்பொடி வாங்கித் தந்தார்கள். அடுப்புக்கரியை நாங்கள் பொடி செய்து கழுவிக் காய வைத்துக்கொண்டோம்.

தேவையானவை: கண்ணாடி டம்ளர் 3, மழைத்தண்ணீர், பேனா மை, சாப்பாட்டு உப்பு, வடிதாள், பீங்கான் கிண்ணம், சாராய விளக்கு.

செய்முறை: ஒவ்வொரு டம்ளரிலும் 100 மி.லி. மழைத்தண்ணீர் ஊற்றினோம். 5 சொட்டு நீல மையும் ஒரு ஸ்பூன் உப்பும் போட்டுக் கலக்கினோம். முதல் டம்ளரில் கரி போடவில்லை. இரண்டாவதில் 2 ஸ்பூன் அடுப்புக்கரி. மூன்றாவதில் 2 ஸ்பூன் கிளர்வூட்டிய கரி. அடிக்கடி கலக்கி, அரை மணி நேரம் கழித்து வடிதாளை இரண்டாக மடித்து இரண்டு தடவை வடிகட்டினோம்.

கண்டது: முதல் டம்ளர் நீலம் அப்படியே. இரண்டாவது கொஞ்சம் வெளுத்தது, ஆனாலும் நீலம் தெரிந்தது. மூன்றாவது டம்ளர் கண்ணாடி மாதிரி! பின்னால் வைத்த புத்தகத்தில் எழுத்து படிக்க முடிந்தது. எல்லாரும் கை தட்டினோம்.

"குடிக்கலாமா?" என்று டீச்சர் கேட்டார்கள். பாதிப் பேர் "குடிக்கலாம்" என்று கத்தினார்கள். டீச்சர் பதில் சொல்லவில்லை. அந்தத் தெளிந்த தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சச் சொன்னார்கள். தண்ணீர் வற்றியதும் அடியில் வெள்ளையாக உப்பு பொரிந்து நின்றது.

ஒரு பையன், "டீச்சர், அது கரியில இருந்து வந்த உப்பா இருந்தா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. உப்பும் மையும் இல்லாத வெறும் மழைத்தண்ணீரில் அதே கரியைப் போட்டு வடித்துக் காய்ச்சினோம். கிண்ணத்தில் அப்படி எதுவும் நிற்கவில்லை. ஆகவே அது நாங்கள் போட்ட உப்புதான்.

முடிவு: கிளர்வூட்டிய கரி நிறத்தை எடுத்தது. உப்பை எடுக்கவில்லை.

ஏன்? சாயம் கார்பன் நிறைந்த பெரிய மூலக்கூறு. அது தண்ணீரை விட்டுக் கரிச்சுவரில் ஒட்ட விரும்பும். உப்பு தண்ணீரில் சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்துவிடும். அவற்றைத் தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும். கரியின் பக்கம் அவை போவதில்லை.

6. நொய்யல் சொல்லும் பாடம்

எங்கள் டம்ளரில் நடந்தது ஓர் ஆற்றிலும் நடந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் நொய்யல்தான் அது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் ஏற வேண்டும் என்பதற்காக நிறைய உப்பு போடுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பல பத்து கிராம் வரை போடுவார்கள். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு ஏறாது. போட்ட உப்பு கிட்டத்தட்ட எல்லாமே கழிவு நீரில்தான் போகும்.

திருப்பூரில் 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுக் கழிவு நீரைத் தெளிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. கரி போட்டிருந்தாலும் இதே கதைதான்.

பாசனத்துக்காக 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் இந்தக் கழிவு நீர் தேங்கியது. கிணறுகளில் உப்பு ஏறியது. நிலம் கெட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. அது சரியாக நடக்காததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. உப்பைப் பிரிக்க எதிர் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. முறையும், மீதி நீரைக் காய்ச்சி உப்பை எடுக்கும் முறையும் வேண்டும். அதற்குச் செலவும் மின்சாரமும் அதிகம்.

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சிவப்பாகத் தண்ணீர் ஓடினால் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். வெளுத்து ஓடினால் யாரும் கேட்க மாட்டார்கள். தென்னை மட்டை காயும்போதுதான் தெரியும்.

7. கரி எதை எடுக்கும்? எதை எடுக்காது?

எடுப்பவை: சாயம், கெட்ட வாசம், குளோரின், பல பூச்சி மருந்துகள், பல கரிம வேதிப்பொருட்கள்.

எடுக்காதவை: உப்பு, தண்ணீரின் கடினத்தன்மை, நைட்ரேட். ஃபுளோரைடையும் சாதாரணக் கிளர்வூட்டிய கரி போதிய அளவு எடுக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு வந்தது ஃபுளோரைடால்தான். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும்! இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. மொத்தக் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள். வேறு வழி இல்லை என்றால் 2000 வரை.

கரி கிருமியைக் கொல்லாது. மாற்றாமல் பல நாள் வைத்த கரியில் கிருமிகள் குடித்தனமே நடத்தும். இன்னொரு விஷயம்: கிருமிக்காகத் தொட்டியில் போடும் குளோரினையும் கரி எடுத்துவிடும். ஆகவே கரி வழியாக வந்த தண்ணீரை நாள் கணக்கில் திறந்து வைக்கக் கூடாது. காய்ச்சி மூடி வையுங்கள்.

துளை நிறைந்துவிட்டால் கரியின் வேலை முடிந்தது. பார்வைக்கு அதே கறுப்புதான் இருக்கும். அதனால் வடிகட்டியில் குறித்திருக்கும் காலத்தில் மாற்ற வேண்டும்.

8. எச்சரிக்கை!

* இந்தக் கரியை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சூடான அமிலமும் அதன் ஆவியும் ஆபத்து. மூடிய இடத்தில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.
* அடுப்புக்கரி மருந்து அல்ல. யாராவது விஷப் பொருள் சாப்பிட்டுவிட்டால் கரியைக் கரைத்துக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108க்கு போன் செய்யுங்கள். எந்த விஷத்துக்குக் கரி வேலை செய்யும் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும். மண்ணெண்ணெய், அமிலம் போன்றவற்றுக்கு அது உதவாது.

9. முடிவுரை

அம்மிச்சி சொன்னதில் உண்மையான பாதி: கரி தண்ணீரின் வாசத்தையும் நிறத்தையும் எடுக்கும். அதுவும் துளை திறந்த கரிதான் நன்றாக எடுக்கும். மீதிப் பாதி: அதனால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

"வெளுத்ததெல்லாம் பால் ஆகுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதே மாதிரி தெளிந்ததெல்லாம் குடிநீர் ஆகாது. யாராவது "எங்க பில்டர்ல கார்பன் இருக்கு, எல்லாம் போயிரும்" என்று சொன்னால், "உப்பு போயிருமா? ஃபுளோரைடு போயிருமா? கிருமி சாகுமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம ஊர்க் கிணறு, போர் தண்ணீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்து, அந்த எண்களைத் தெரிந்துகொள்வதுதான் சரியான வழி. கிராம சபைக் கூட்டத்தில் தண்ணீர்ச் சோதனை முடிவைக் கேட்க நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வோம்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. சாதாரணக் கரியைவிடக் கிளர்வூட்டிய கரி நிறத்தை நன்றாக எடுப்பது ஏன்?
2. அமிலம் போட்டுச் செய்த கரியைக் கழுவாவிட்டால் என்ன இரண்டு கெடுதல்?
3. இரண்டு கிராம் கரியில் 2600 சதுர மீட்டர் பரப்பு இருந்தால் அது எத்தனை கபடி மைதானம்?
4. தெளிந்த தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பாய்?

பதிலைத் தாளில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுக்கவும். சரியான பதில்கள் அடுத்த இதழில் வரும்.